அத்தை 1967ங்குறாங்க, சம்பந்தி 1906ங்குறாரு: இந்த பரிசுத்த ஆவி இயக்கத்த யாருதான் ஆரம்பிச்சது?

கல்மண்டபம்_காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மதச் சண்டை போட வரல, முன்னாடியே சொல்லிக்கிறேன். வீட்ல ஒரு பிரச்சனை, அதுக்கு கொஞ்சம் ஹிஸ்டரி தெரிஞ்சவங்க ஹெல்ப் வேணும்.

நாங்க ராயபுரம், ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கர். அப்பா ஹார்பர்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, அவருக்கு ராயப்பர் கோயில் காலை பூசை, அப்புறம் டீக்கட, அவ்ளோதான் உலகம். அத்தை அப்படி இல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா செபக்குழுவுக்கு கெளம்பிடுவாங்க, மாடி வீட்டு ஹால்ல பிளாஸ்டிக் சேர் எல்லாம் ஓரமா அடுக்கிட்டு பாய் விரிச்சு ஒக்காந்து கை தட்டி பாடி கடைசில எல்லாரும் ஒரே நேரத்துல புரியாத பாஷைல செபிப்பாங்க, சின்ன வயசுல அந்த வாசப்படில ஒக்காந்து செருப்ப எண்ணிக்கிட்டு இருந்தவன் நானு.

இப்போ தங்கச்சிக்கு வியாசர்பாடில மாப்ள பாத்திருக்கோம். பையன் தங்கம், ஆனா வீட்ல தங்கமே போட மாட்டாங்க, பெந்தெகொஸ்தே, ஆவி அபிஷேகம், அந்நிய பாஷைன்னு இருக்கற சபை. போன ஞாயித்துக்கிழமை பேச வந்தாங்க. தாலி வேணாம், வாக்கு குடுத்தா போதும்னாங்க. அப்பாவுக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அத்தை சமாதானம் பண்றேன்னு "நாங்களும் ஆவில நிறைஞ்சவங்கதான் சம்பந்தி, எங்களுக்கு 1967லயே வந்துடுச்சு"ன்னாங்க. அவரு சிரிச்சிட்டு "1906ல எங்களுக்கு வந்தத பாத்துதான் உங்களுக்கு வந்துச்சு"ன்னாரு. அப்பா ரெண்டு பேரையும் பாத்து "எல்லாம் அமெரிக்காகாரன் வித்தது, நேத்து வந்தது"ன்னு ஒரு போடு போட்டாரு. டீ ஆறிப் போச்சு, வெச்ச கேக்க யாரும் தொடல, நிச்சயதார்த்த தேதி நிக்குது.

இந்த ஆவில நிறைஞ்சு புரியாத பாஷைல செபிக்கிற இயக்கத்த உண்மையில ஸ்தாபிச்சது யாரு? ஒரே ஒரு பேரு சொல்லுங்க, எழுதி அப்பா முன்னாடி வெச்சிடறேன்.

பெரம்பூர்_லோகோ:

தம்பி, நான் சிஎஸ்ஐ, தென்னிந்திய திருச்சபை, ரயில்வேல இருந்து ஓய்வு, அதனால உங்க ரெண்டு வீட்டுக்கும் நான் வெளியாள். ஒரே பேருதான் வேணும்னா கஷ்டம், ஏன்னா அந்தப் பேருலதான் சண்டையே.

வழக்கமா மொதல்ல சொல்றது சார்லஸ் பார்ஹாம். வெள்ளக்காரர், மெதடிஸ்ட் சபைல போதகரா இருந்து வெளிய வந்தவர். கான்சாஸ்ல டொபீக்கான்னு ஒரு ஊரு, அங்க 1900 அக்டோபர்ல ஒரு பைபிள் ஸ்கூல் ஆரம்பிச்சார், ஏறக்கொறைய 40 பேரு, ஃபீஸ் கிடையாது. பசங்களுக்கு ஒரு கேள்வி குடுத்தார்: பரிசுத்த ஆவியோட அபிஷேகம் ஒருத்தனுக்கு கிடைச்சதுன்னு எத வெச்சு சொல்றது, பைபிள்ல தேடுங்க. அவங்க அப்போஸ்தலர் நடபடிகள பொரட்டி, அந்நிய பாஷை பேசறதுதான் அடையாளம்னு வந்து சொன்னாங்க. அப்புறம் நம்ம ஊர்ல டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு போறோமே அதே மாதிரி அங்கயும் வாட்ச் நைட், அத ஒட்டி 1901 ஜனவரி 1ஆம் தேதி ஆக்னஸ் ஓஸ்மன்ங்குற மாணவி தலைல கை வெச்சு ஜெபிக்க, அந்தம்மா அந்நிய பாஷைல பேச ஆரம்பிச்சாங்கன்னு வரலாறு. சைனீஸ் பேசினதா சொல்லிக்கிட்டாங்க.

பாஷை பேசறது அதுக்கு முன்னாடியும் உலகத்துல இருந்திருக்கு. பார்ஹாம் செஞ்சது என்னன்னா "இதுதான் அடையாளம்"னு ஒரு உபதேசமா கட்டினது. அந்தக் கணக்குல அவர ஸ்தாபகர்ன்னு சொல்றவங்க இருக்காங்க.

ஆனா எனக்கு மனசு ஒட்றது இன்னொருத்தர் மேல. வில்லியம் சீமோர். 1870ல லூசியானால பொறந்தவர், அப்பா அம்மா அடிமையா இருந்து விடுதலை ஆனவங்க, அம்மை வந்து ஒரு கண்ணு பார்வை போயிடுச்சு. பார்ஹாம் ஹூஸ்டன்ல இன்னொரு பைபிள் ஸ்கூல் நடத்தும்போது இவர் படிக்க வந்தார். அந்த ஊர்ல அப்போ கருப்பரும் வெள்ளையரும் ஒண்ணா ஒக்காரக் கூடாதுன்னு சட்டம். பார்ஹாம் வேணாம்னும் சொல்லல, உள்ள வான்னும் சொல்லல. கிளாஸ் கதவ தொறந்து வெச்சு, வெளில நடைல ஒக்காந்து கேட்டுக்கோன்னாரு. சீமோரும் ஒக்காந்து கேட்டாரு. தம்பி, நீ வாசப்படில ஒக்காந்து செருப்பு எண்ணேன்னு எழுதினியே, படிச்சதும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. நம்ம ஊர்லயும் ஒரே கோயில்ல இந்த தெருவுக்கு இந்த பக்கம், அந்த தெருவுக்கு அந்த பக்கம்னு பெஞ்சு பிரிச்சு போட்ட காலம் ரொம்ப தூரத்துல இல்ல, எங்க தாத்தா சொல்லி கேட்டிருக்கேன்.

1906 பிப்ரவரில லாஸ் ஏஞ்சலிஸ்ல ஒரு சின்ன சபை பிரசங்கத்துக்கு கூப்பிட்டுச்சுன்னு போனாரு. அந்நிய பாஷை பத்தி பேசினாரு, அடுத்த கூட்டத்துக்கு திரும்பி வந்து பாத்தா கதவுல பூட்டு. இதுல என்னன்னா, அப்போ அவருக்கே அந்த பாஷை வரல, கேள்விப்பட்டத நம்பித்தான் பிரசங்கம் பண்ணாரு. பூட்டினதும் வேற வழியில்லாம தெரிஞ்சவங்க வீட்ல ஜெபம். போனி பிரே தெரு, 214ஆம் நம்பர், ஆஸ்பெரி குடும்பத்தோட வீடு. ஏப்ரல் 9 அங்க அந்நிய பாஷை ஆரம்பிச்சுது, சீமோருக்கே மூணு நாள் கழிச்சுதான் கிடைச்சுது. கூட்டம் தெருவ அடைச்சு, திமுதிமுன்னு ஏறி நின்னு, வீட்டு முன் திண்ணையே இடிஞ்சு விழுந்துச்சு.

அப்புறம் அசூசா தெரு 312. முன்னாடி கருப்பர்களோட மெதடிஸ்ட் கோயிலா இருந்து, அப்புறம் சரக்கு போடவும் குதிரை கட்டவும் ஆன எடம். அளவு 40க்கு 60 அடின்னு எழுதறாங்க, நம்ம கணக்குல கரெக்டா ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி! தரைல மரத்தூளு, ஒக்கார ஆணி பீப்பா மேல பலகை. புல்பிட் கிடையாது, ஷூ வர்ற மரப்பெட்டி ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சிருந்தாங்க, ஜெபம் பண்ணும்போது சீமோர் தலைய அந்த பெட்டிக்குள்ள விட்டுக்குவாராம். ஒரு நாளைக்கு மூணு கூட்டம், மூணு வருஷத்துக்கு கிட்ட. கருப்பர், வெள்ளையர், மெக்சிகோகாரங்க எல்லாம் ஒரே தரைல. 1906 ஏப்ரல் 18ஆம் தேதி அந்த ஊரு பேப்பர் இத கிண்டல் பண்ணி நியூஸ் போட்டுச்சு, அன்னிக்கு காலைலதான் சான் பிரான்சிஸ்கோ பூகம்பம். ஜனங்களுக்கு பயம் புடிச்சு கூட்டம் இன்னும் ஏறிடுச்சு.

அக்டோபர்ல பார்ஹாம் பாக்க வந்தாரு. எல்லா நிறமும் ஒண்ணா கட்டிப்புடிச்சு ஜெபிக்கிறத பாத்து அருவருத்துப் போயி திட்டிட்டு கெளம்பிட்டாரு. குரு கதைய அதோட முடிச்சுக்கலாம்.

சீமோர் நடத்தின பத்திரிகை பத்தாயிரக்கணக்குல போச்சு. அப்புறம் கூட இருந்த ஒரு அம்மா போர்ட்லேண்டுக்கு போகும்போது பத்திரிகை வாங்கறவங்க அட்ரஸ் லிஸ்ட்டும் அவங்களோட போயிடுச்சு. இன்னிக்கு ஒருத்தன் வாட்ஸப் குரூப் அட்மின கைப்பத்திக்கிட்டு போற மாதிரிதான். 1914ல ஆர்கன்சாஸ்ல சுமாரா 300 பேரு கூடி அசெம்ப்ளீஸ் ஆஃப் காட்ங்குற பெந்தெகொஸ்தே சபைய ஆரம்பிச்சாங்க, கிட்டத்தட்ட எல்லாம் வெள்ளையர். சீமோர் 1922ல இறக்கும்போது அவர் சபைல விரல் விட்டு எண்ற கூட்டம்.

அதனால சம்பந்தி சொன்ன 1906 சரி. ஆனா "எங்களுக்கு வந்துச்சு"ன்னாரே, அந்த "எங்களுக்கு"தான் இடிக்குது.

வியாசை_புள்ள:

ஸ்தோத்திரம் பிரதர். நானும் பெந்தெகொஸ்தே தாம்பா, வியாசர்பாடிதான், அந்த சம்பந்தி எங்க சபையா கூட இருப்பாரு, யாருன்னு கேக்கல.

ரயில்வே ஐயா சூப்பரா சொன்னாரு, ஆனா ஒண்ணு, எங்க வீட்ல ஆயா இத கேட்டா "மனுஷன் இன்னாடா ஸ்தாபிக்கிறது, ஆவியானவர் எறங்கினாரு"ன்னு வாய அடைச்சிடும். அத நானும் நம்பறேன். ஆனா அமெரிக்காலதான் மொதல்ல எறங்கினாருன்னு எவன் சொன்னான்? 1860ல நம்ம திருநெல்வேலி சீமைல நடந்துச்சு. ஜான் கிறிஸ்டியான் அருளப்பன்னு ஒரு தமிழ் உபதேசியாரு, பாளையங்கோட்டைல ரேனியஸ் ஐயர்ங்குற ஜெர்மன் மிஷனரிகிட்ட படிச்சவரு. வெள்ளக்காரன் சம்பளம் வேணாம், கடவுள் குடுக்கறத வெச்சு ஊழியம் பண்றேன்னு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்டியான்பேட்டைன்னு ஒரு ஊரையே உண்டாக்கினவரு. அங்க அந்த வருஷம் ஜனம் அழுது பாவத்த அறிக்கை பண்ணி, அந்நிய பாஷை பேசி, ஆம்பள பொம்பள ரெண்டு பேரும் தீர்க்கதரிசனம் சொல்லியிருக்காங்க. மிஷனரிங்க சில பேருக்கு சந்தோஷம், சில பேருக்கு பயம். இது டொபீக்காவுக்கு 40 வருஷம் முன்னாடி பா! சீமோருக்கு அப்போ பொறப்பே இல்ல.

அப்புறம் 1905ல புனா பக்கம் கேட்காவ், பண்டித ரமாபாய் அம்மா நடத்தின முக்தி மிஷன். பஞ்சத்துல அனாதையான பொண்ணுங்க, விதவைங்க தங்கின எடம். அந்த பொண்ணுங்க நடுவுல பெரிய எழுப்புதல். அங்க இருந்த மின்னி ஏப்ரம்ஸ்ங்குற மிஷனரி எழுதினது சிலி நாட்டுல இருந்த தன் ஃபிரெண்டுக்கு போயி, அத படிச்சு 1909ல சிலில பெந்தெகொஸ்தே வந்துச்சு. அதாவது இந்தியால இருந்து தென் அமெரிக்காவுக்கு போயிருக்கு சரக்கு. உங்க அப்பாகிட்ட இத சொல்லுங்க, அமெரிக்காகாரன் வித்தான்னாரே.

வெள்ளை உடை போட்டவங்கள தாம்பரம் இரும்புலியூர்ல பாத்திருப்பீங்க, பெந்தெகொஸ்தே மிஷன். அதுவும் அமெரிக்கால இருந்து வரல. மலையாள இந்து குடும்பத்துல ராமன்குட்டின்னு பொறந்து, சிலோன்ல ரட்சிக்கப்பட்டு பாஸ்டர் பால் ஆனவரு, 1920கள்ல கொழும்புல ஆரம்பிச்சது. ஊழியக்காரங்க கல்யாணம் பண்ணிக்காம விசுவாச வீட்ல ஒண்ணா இருப்பாங்க, மருந்து மாத்திரை எடுக்க மாட்டாங்க. எங்க சபை அந்த அளவுக்கு இல்ல, எனக்கு போன மாசம் டைபாய்டு, ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்திக்கினுதான் கெடந்தேன்.

நகை மேட்டர் சொல்றேன். பார்ஹாம், சீமோர் ரெண்டு பேருமே பரிசுத்த இயக்கம்னு பழைய மெதடிஸ்ட் வழில வந்தவங்க, அதுல அலங்காரம் வேணாம், எளிமையா இருன்றதுதான். நம்ம ஊருக்கு வந்ததும் மூக்குத்தி கழட்டி, தோடு கழட்டி, தாலியும் கழண்டுச்சு. ஞானஸ்நானம் எடுத்த அன்னிக்கு எங்க ஆயா கழட்டின தோடு இன்னும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல கீது, வித்ததும் இல்ல, போட்டதும் இல்ல.

கொருக்குப்பேட்டை_கேட்:

எல்லாம் ஓகே ப்ரோ, ஆனா அந்த பாஷை எவனுக்காவது புரிஞ்சுதா? எங்க பக்கத்து வீட்ல வெள்ளிக்கிழம நைட் முழுக்க மைக் போட்டு ஒரே சத்தம், கேட் மூடி ட்ரெய்னுக்கு நிக்கிற சத்தம் பரவால்ல.

பெரம்பூர்_லோகோ:

மைக் வேற விஷயம் தம்பி, அது எல்லா மதத்துக்கும் பொது வியாதி.

பாஷை கேட்டியே, அவங்களும் அத நேரடியாவே சோதிச்சு பாத்தாங்க. பார்ஹாம் நம்பினது என்னன்னா, இது நெஜமான வெளிநாட்டு பாஷை, மிஷனரி இனிமே பாஷை படிக்க வேணாம், கப்பல்ல ஏறினா போதும்னு. அசூசாவுல இருந்து ஆல்ஃபிரட் கார்ன்னு ஒருத்தர் தனக்கு பெங்காலி வந்திருக்குன்னு நம்பி பொண்டாட்டியோட கல்கத்தாவுக்கே வந்துட்டாரு. வந்து பேசினா பெங்காலிக்காரனுக்கு ஒரு வார்த்தை புரியல. ஆனா ஆளு திரும்பி ஓடல, இங்கிலீஷ் தெரிஞ்ச மிஷனரிங்களுக்கு பிரசங்கம் பண்ணிட்டு, அப்புறம் ஹாங்காங் போயி அங்க ஊழியம் பண்ணாரு. அந்தமாதிரி அடி வாங்கின பிறகுதான், இது ஊர் பாஷை இல்ல, கடவுள்கிட்ட பேசற ஜெப பாஷைன்னு பெரும்பாலானவங்க வந்து நின்னாங்க. எனக்கு பாஷை வராது, ஆனா அந்த மனுஷன் கல்கத்தால எறங்கி வாய தொறந்த அந்த மொத நாள நெனச்சா பாவமா இருக்கும்.

கல்மண்டபம்_காரன்:

அய்யோ இவ்ளோ இருக்கா. 1860 மேட்டர் அப்பாவுக்கு புடிக்கும், தமிழன்னு சொன்னா கொஞ்சம் எறங்கி வருவாரு. சரி, அத்தை சொல்ற 1967 என்னது? அது பெந்தெகொஸ்தேல இருந்து காப்பியா இல்லையா, சம்பந்தி சிரிச்ச சிரிப்புக்கு பதில் வேணும்.

தண்டையார்பேட்டை_டீச்சர்:

இயேசுவுக்கே புகழ். தம்பி, நான் ஆர்சி, இருபது வருஷத்துக்கு மேல செபக்குழுல இருக்கேன், உங்க அத்தைய எனக்கு தெரிஞ்சாலும் ஆச்சரியம் இல்ல.

மொதல்ல ஒண்ணு. அவங்க அந்நிய பாஷைங்குறத நம்ம விவிலியத்துல பரவசப் பேச்சுன்னு போட்டிருக்கும். ரெண்டும் ஒரே கொரிந்தியர் திருமுகந்தான். அவங்க ஜெபம், நாம செபம். அவங்க பரிசுத்த ஆவியானவர், நாம தூய ஆவி. பாதி சண்டை இந்த வார்த்தைலயே முடிஞ்சு போகுது.

1967க்கு முன்னாடி 1960. கலிபோர்னியால வான் நைஸ்ங்குற ஊர்ல டென்னிஸ் பென்னட்டுன்னு எபிஸ்கோபல் குருவானவர், நம்ம சிஎஸ்ஐ மாதிரி அங்கி, பீடம் எல்லாம் உள்ள சபை. ஏப்ரல் 3ஆம் தேதி ஞாயிறு பிரசங்கத்துல தனக்கு ஆவி அபிஷேகம் கிடைச்சுது, பாஷை பேசினேன்னு ஓப்பனா சொன்னாரு. உதவி குரு ஒருத்தர் அங்கிய கழட்டி வெச்சிட்டு வெளிய நடந்தாரு. பென்னட் அந்தக் கோயில் பொறுப்ப ராஜினாமா பண்ணிட்டாரு, சியாட்டில்ல மூடற நிலைமைல இருந்த ஒரு கோயில குடுத்தாங்க, அது ரொம்பி வழிஞ்சுது. பெந்தெகொஸ்தே சபைக்கு மாறாம, இருக்கற சபைலயே இருந்துக்கிட்டு இத அனுபவிக்கலாம்னு ஆனது அதுல இருந்துதான். கரிஸ்மாட்டிக்ன்னு தனியா சொல்றது இந்த அலையத்தான்.

இப்போ நம்மது. 1967 பிப்ரவரி 17ல இருந்து 19 வரைக்கும், பிட்ஸ்பர்க்ல டுகேன் பல்கலைக்கழகம், கத்தோலிக்க காலேஜ். சுமாரா 25 மாணவர்கள், கூட ரெண்டு மூணு பேராசிரியருங்க, ஊருக்கு வெளில ஒரு தியான இல்லத்துக்கு போனாங்க. அப்போஸ்தலர் பணி மொத நாலு அதிகாரம் படிச்சிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. போன எடத்துல மோட்டார் ரிப்பேர், தண்ணி இல்ல! தண்ணி இல்லன்னா தியானத்த நிறுத்திட்டு வீட்டுக்கு போக வேண்டியதுதான். கொஞ்ச பேரு மாடில சிற்றாலயத்துக்கு போயி தண்ணிக்காக செபிச்சாங்க, கீழ வந்து பாத்தா குழாய்ல தண்ணி. நம்ம தண்டையார்பேட்டைல லாரிக்கு குடம் வெச்சு வரிசைல நின்னவங்களுக்கு இது எவ்ளோ பெரிய அற்புதம்னு நான் சொல்லத் தேவையில்ல. அன்னிக்கு ராத்திரி பர்த்டே பார்ட்டி நடக்க வேண்டியது, ஒவ்வொருத்தரா அந்த மாடி சிற்றாலயத்துக்கு ஏறிப் போயி நற்கருணை முன்னாடி விழுந்து அழுதாங்க, பேட்டி கேலகர்ங்குற மாணவி அத பிற்பாடு எழுதி வெச்சிருக்காங்க. அங்க இருந்து நோட்டர்டேம், ஆன் ஆர்பர்னு பரவுச்சு. 1975ல உரோமைல பெந்தகோஸ்து விழாவுக்கு பத்தாயிரம் பேரு கூடினாங்க, ஆறாம் பவுல் பாப்பரசர் அவங்கள வரவேத்து பேசினாரு.

காப்பியான்னு கேட்டா, ஒளிக்க ஒண்ணுமில்ல. அந்த பேராசிரியருங்க தியானத்துக்கு முன்னாடி பிரஸ்பிட்டேரியன்ங்குற புராட்டஸ்டண்ட் சபைய சேந்த ஒரு அம்மா வீட்ல நடந்த செபக் கூட்டத்துக்கு போயி, அங்கதான் கை வெச்சு செபிக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தாங்க. சம்பந்தி சிரிச்சது வரலாறுப்படி தப்பில்ல. ஆனா கிடைச்சதும் அவங்க கோயில விட்டு போகல, நேரா நற்கருணை முன்னாடி போயி ஒக்காந்தாங்க. அது காப்பி இல்ல.

நம்ம ஊருக்கு 1972 வாக்குல பம்பாய் வழியா வந்துச்சு. ஆனா வட சென்னைல கேட்டீங்கன்னா யாரும் பம்பாய சொல்ல மாட்டாங்க, போட்டாங்குற ஊரத்தான் சொல்வாங்க. கேரளால சாலக்குடி பக்கம் வின்சென்ஷியன்ங்குற கத்தோலிக்க சபை சாமியாருங்க 1977ல ஆரம்பிச்சது, கூட்டம் தாங்காம 1990ல முரிங்கூர்ல டிவைன் தியான இல்லம்னு பெருசா ஆச்சு. மீன் விக்கிற அக்காங்க சீட்டு கட்டி காசு சேத்து, ஒரு பங்குல இருந்து ஒரு பெட்டி நெறைய ட்ரெய்ன் ஏறிப் போவாங்க, ஒரு வாரம் தியானம், வரும்போது செபிச்ச எண்ணெய் பாட்டிலும் நேந்திரம் சிப்ஸும். நான் மொத தடவ போனப்போ என் வீட்டுக்காரரு "பைத்தியம் முத்திடுச்சு"ன்னாரு. அடுத்த வருஷம் அவரு குடிய விடறதுக்கு அதே ட்ரெய்ன்ல வந்தாரு. ஆறு மாசம் விட்டாரு, அப்புறம் திரும்ப ஆரம்பிச்சாரு, அதையும் சொல்லணும்ல.

கல்மண்டபம்_காரன்:

லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும். இத மொத்தமா அப்பாவுக்கு போன்ல எழுத்த பெருசாக்கி குடுத்தேன். ரெண்டு நாளு படிச்சாரு, கண்ணாடிய கழட்டி கழட்டி. அருளப்பன் பேர மட்டும் டீக்கடைல போயி நாலு பேருகிட்ட சொல்லியிருக்காரு, அவரு கண்டுபுடிச்ச மாதிரி.

நேத்து நாங்க வியாசர்பாடி போனோம். அத்தை சும்மா இல்லாம தன் தாலிய எடுத்து காட்டிச்சு, எங்க பக்கம் அதுல புறா பொறிச்சிருக்கும். "இது யாரு சம்பந்தி?"ன்னுச்சு. அவரு கொஞ்ச நேரம் பாத்தாரு, "ஆவியானவர்தான்"ன்னாரு, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. தாலி கட்றதா வேணாமான்னு இன்னும் முடிவாகல, பாஸ்டர்கிட்டயும் ஃபாதர்கிட்டயும் பேசணும்ங்குறாங்க, ஆனா தேதி குறிச்சாச்சு, இந்த தடவ கேக்க எல்லாரும் சாப்ட்டாங்க.

வர்ற வழில ஆட்டோல அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. அந்த திண்ணை இடிஞ்சு விழுந்துச்சே, யாருக்காவது அடிபட்டுச்சான்னு. லோகோ ஐயா, கொஞ்சம் சொல்லுங்க.

பெரம்பூர்_லோகோ:

யாருக்கும் அடி இல்லன்னுதான் சொல்றாங்க தம்பி. மறுபடி முட்டு குடுத்து நிறுத்திட்டு கூட்டத்த நடத்தியிருக்காங்க. அந்த வீடு இன்னும் இருக்கு, அப்பாகிட்ட சொல்லு.